மதுரை வெயிலுக்கு டர்போ தாங்குமா?

ஷோரூமில் டர்போ பெட்ரோல் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறவர்கள் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்குமா?" நியாயமான கேள்விதான். சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் 40 டிகிரி என்பது செய்தியே இல்லை. அக்னி நட்சத்திரத்தில் அதையும் தாண்டும். ஆனால் பயம் கொஞ்சம் இடம் மாறி விழுந்திருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் முழு மூச்சில் இழுக்கும்போது டர்போவின் ஒரு பக்கத்தில் பாய்கிற புகையின் சூடு 900 டிகிரியைத் தாண்டும். டீசலில் 700, 800 வரும். அந்தச் சூட்டிலேயே வேலை செய்யப் பிறந்த பொருளுக்கு வெளியே 30 டிகிரியா 42 டிகிரியா என்பது பெரிய விஷயமில்லை.

வெயில் செய்கிற வேலை வேறு. எந்த இன்ஜினையும் கொஞ்சம் தாராளம் வைத்துத்தான் செய்வார்கள். இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவம் கொதிக்க இன்னும் இத்தனை டிகிரி பாக்கி, ஆயில் கெட இன்னும் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பாக்கி என்று ஒரு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைத்தான் வெயில் தின்றுவிடுகிறது. கோயம்புத்தூரில் ஓட்டுகிறவர் ஆயில் மாற்றுவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் தப்பித்துக்கொள்ளலாம். திருமங்கலத்துக்காரர் அதையே செய்தால் தப்பிப்பது கஷ்டம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த மிச்சத்தைக் காப்பாற்றுவது பற்றித்தான்.

முதலில் டர்போ என்றால் என்ன

இன்ஜினுக்குள் எரிபொருளை அதிகமாகத் தள்ளுவது சுலபம். அதை எரிக்கிற காற்றை அதிகமாகக் கொடுப்பதுதான் சிரமம். சாதாரண இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வருகிற காற்றை வைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டும். டர்போ இன்ஜினில் காற்றை அழுத்தித் திணிக்கிறார்கள். திணிக்கத் தனி மோட்டார் எதுவும் இல்லை. சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகிற புகையில் வேகமும் சூடும் மிச்சம் இருக்கிறது. அதன் வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் அனுப்பும். அவ்வளவுதான் டர்போ. ஆல்ஃபிரட் பியூகி (Büchi) என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர் இந்த யோசனைக்கு 1905-லேயே காப்புரிமை பதிந்துவிட்டார்.

நமக்கும் இது புதிதில்லை. டாக்ஸி ஸ்டாண்டில் வரிசையாக நின்ற டீசல் ஸ்விஃப்ட், ஸ்கார்பியோ, இன்னோவா எல்லாவற்றிலும் டர்போ இருந்தது. யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து சின்ன டீசல் கார்கள் குறைந்தபிறகு, 1 லிட்டர், 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல்கள் அந்த இடத்துக்கு வந்தன. அப்போதுதான் டர்போ என்ற எழுத்து வண்டியின் முதுகில் ஏறியது, கூடவே பயமும் ஏறியது.

அந்த அச்சைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று சர்வசாதாரணம். சின்னப் பெட்ரோல் டர்போவில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். இன்ஜின் அதே நேரத்தில் மூவாயிரம், நாலாயிரம் சுற்றில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவு வேகத்தில் சுழல்கிற அச்சுக்குப் பெரும்பாலான கார்களில் பால் பேரிங் கிடையாது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டே சுழலும். உலோகமும் உலோகமும் தொடவே கூடாது. ஒரு முனையில் நெருப்புக்குப் பக்கத்துச் சூடு, மறுமுனையில் வெளிக்காற்று, நடுவில் இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக வருகிற ஆயில். டர்போ பராமரிப்பு என்று தனியாக ஒரு வித்தை இல்லை. அந்த ஆயில் சுத்தமாகவும் தடையில்லாமலும் வந்து போக வேண்டும், இழுக்கிற காற்று சுத்தமாக இருக்க வேண்டும். மிச்சமெல்லாம் இந்த இரண்டின் விவரம்.

வெயிலில் ஏன் இழுவை குறைகிறது

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பத்துத் தடவை அழுத்தினால் பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். டர்போவிலும் அதேதான் நடக்கிறது. 40 டிகிரியில் உள்ளே வந்த காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் 120, 130 டிகிரி ஆகிவிடும். சூடான காற்று விரிந்துகொள்ளும். அதே இடத்தில் பிராணவாயு குறைவாகத்தான் இருக்கும். கஷ்டப்பட்டு அழுத்தியதில் பாதி வீண். அதனால்தான் டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இன்டர்கூலர் என்று ஒன்று வைக்கிறார்கள். பார்க்கச் சின்ன ரேடியேட்டர் போல இருக்கும். பெரும்பாலும் முன்பம்பருக்குப் பின்னால், வருகிற காற்று படுகிற இடத்தில் இருக்கும்.

இன்டர்கூலரின் எல்லை வெளிக்காற்றுதான். வெளியே என்ன சூடோ அதற்குக் கீழே அதனால் குளிர்விக்க முடியாது. கொஞ்சம் மேலேயேதான் நிற்கும். கொடைக்கானலில் காலையில் நல்ல குளிர்ந்த காற்று கிடைக்கிற அதே இன்ஜினுக்கு, மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணியில் சூடான காற்றுதான் கிடைக்கும். பெட்ரோல் இன்ஜினில் சூடான காற்று நாக்கிங்கைக் கொண்டுவரும், அதாவது கலவை நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கப் பார்க்கும். வண்டியின் கம்ப்யூட்டர் அதைக் கேட்டுவிட்டு, தீப்பொறி விடுகிற நேரத்தைத் தள்ளிவைத்து, சக்தியைக் குறைத்துக்கொள்ளும். "வெயில் காலத்துல வண்டி சோம்பேறியாயிருச்சு" என்பது பிரமை இல்லை, நிஜம். இன்ஜின் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது.

இதை நத்தம் மேம்பாலத்தில் தெளிவாகப் பார்க்கலாம். தல்லாகுளம் பக்கம் நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஊர்ந்து வந்திருப்பீர்கள். முன்னால் ஏசியின் கன்டென்சர் சூட்டைக் கக்க, அந்தச் சூடு அப்படியே பின்னால் இருக்கிற இன்டர்கூலர், ரேடியேட்டர் மேல் அடிக்கும். மேம்பாலத்தில் ஏறி மிதிக்கிறீர்கள். வண்டி யோசித்து யோசித்து எடுக்கும். கொஞ்ச தூரம் போய், காற்று உள்ளே நன்றாகப் புகுந்ததும், அதே மிதிக்குப் பிக்கப் திரும்பி வந்துவிடும். ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் முடிவதற்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். இதற்காகப் பயந்து வொர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டாம். காற்று கிடைத்த பிறகும் இழுவை திரும்பவில்லை என்றால்தான் பிரச்சினை.

இந்த இடத்தில் பணம் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. டார்ச் லைட்டை எடுத்து முன் கிரில் வழியாக உள்ளே அடித்துப் பாருங்கள். இரவில் நாலுவழிச் சாலையில் ஓடிய வண்டியென்றால் பூச்சிகள் அப்பிக் காய்ந்திருக்கும். காய்ந்த இலை, பாலிதீன் துண்டு, கரிசல் மண் எல்லாம் அந்த மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னை நேராக அடித்தால் தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைபடும். தோட்டத்து ஹோஸ் பைப்பை மெதுவாக வைத்துக் கழுவினால் போதும். கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு சந்து இருக்கும். அங்கே படிகிற மண் முன்னாலிருந்தும் தெரியாது, பின்னாலிருந்தும் தெரியாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை முன்பக்கத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் செய்ய மாட்டார்கள்.

கழுவும்போது இன்னொன்று. திருச்சியிலிருந்து வந்து இறங்கிய சூட்டோடு பானெட்டைத் திறந்து தண்ணீர் அடிக்க விடாதீர்கள். பழுக்கச் சூடேறிய வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

ஆயில்: வாதம் செய்ய வேண்டிய இடம்

ஆயில் மாற்றப் போனால் மதுரையில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "அண்ணே, இந்த ஆயில் தண்ணி மாதிரி இருக்குண்ணே. நம்ம ஊரு வெயிலுக்கு இருபது ஐம்பது ஊத்துனாத்தான் நிக்கும்." அக்கறையோடு சொல்வதுதான், கெட்ட எண்ணம் இல்லை. பழைய இன்ஜின்களுக்கு அது சரியாகவும் இருந்தது. டர்போ இன்ஜினுக்கு அது சரியில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் தைரியமாக மறுக்கலாம்.

டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். அவர்கள் சொல்கிற இருபது ஐம்பது என்பது 20டபிள்யூ-50. முதல் எண் ஆயில் குளிர்ந்திருக்கும்போது எப்படி ஓடுகிறது என்பதற்கு. இரண்டாவது எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கு. வெளியே மார்கழியோ கத்திரியோ, இன்ஜின் சூடேறிய பிறகு ஆயில் ஏறக்குறைய அந்த 100 டிகிரிப் பக்கத்தில்தான் ஓடும். தெர்மோஸ்டாட்டும் கூலன்டும் அப்படி வைத்துக்கொள்கின்றன. அதனால் ஊர் வெயில் அந்த இரண்டாவது எண்ணைப் பெரிதாக மாற்றுவதில்லை. மாறுவது காலையில் ஸ்டார்ட் செய்கிற நேரம்தான். கெட்டியான ஆயில் அந்த மெல்லிய குழாய் வழியாக டர்போவுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் அச்சு காய்ந்த நிலையில் சுழலும். தேய்மானத்தில் பெரும்பங்கு இப்படி ஸ்டார்ட் செய்கிற நேரத்தில்தான் வருகிறது. கையேட்டில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்று இரண்டும் அனுமதித்திருந்தால், வெயில் காலத்துக்கும் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கும் 40 எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் சொல்லியிருந்தால் அதுதான். பேரம் வேண்டாம்.

கெட்டித்தன்மை மட்டும் பார்த்தால் போதாது. சின்ன டர்போ பெட்ரோல், அதுவும் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற வகையென்றால், டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். 2020-இல் வந்த தரம் இது. குறைந்த சுற்றில் இன்ஜினைப் பலமாக இழுக்கவிட்டால் சில சமயம் தீப்பொறிக்கு முன்பே கலவை பயங்கரமாக வெடித்து, பிஸ்டனையே உடைத்துவிடும். அதைத் தூண்டுவதில் ஆயிலில் கலக்கிற கால்சியம் வகைச் சேர்மானங்களுக்கும் பங்குண்டு என்று கண்டுபிடித்து, மாற்றிச் செய்த ஆயில் இது. பிஎஸ்6 டீசலுக்கு வேறு கதை: எரிந்தால் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில் வேண்டும். ஏசிஇஏ சி2, சி3 என்பது போன்ற குறி இருக்கும். அது இல்லாத மலிவு ஆயில் புகைவழியில் இருக்கிற டிபிஎஃப் என்ற கரிவடிகட்டியைச் சாம்பலால் அடைத்துவிடும்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது? கையேட்டில் 10,000 அல்லது 15,000 கி.மீ., இல்லாவிட்டால் ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்று இருக்கும். அதே கையேட்டில் இன்னும் சில பக்கம் தள்ளிப் போனால் 'கடுமையான சூழல்' என்று ஒரு பகுதி வரும். தூசி, அதிக வெப்பம், குறைந்த தூர ஓட்டம், நெரிசலில் நின்று நின்று போவது, மலைப்பாதை. இவற்றில் ஏதாவது இருந்தால் முன்னாடியே மாற்று, பல வண்டிகளுக்குப் பாதித் தூரத்திலேயே மாற்று என்று எழுதியிருப்பார்கள். மதுரையில் ஓடுகிற வண்டிக்கு இதில் எது இல்லை? என் கணக்கில் இங்கே எல்லா டர்போ வண்டியும் கடுமையான சூழலில்தான் ஓடுகிறது. 10,000 என்று போட்டிருந்தால் 7,000-க்கு மேல் இழுக்காதீர்கள். ஆயிலோடு ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். டர்போ போய்விட்டால் பில் சில பத்தாயிரங்களில் தொடங்கும். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆயில் சேஞ்ச் ஒன்றுமேயில்லை.

நடுவில் மாதம் ஒருமுறையாவது ஆயில் அளவு காட்டுகிற கேஜ் கம்பியை எடுத்துப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆஃப் செய்து, ஐந்து பத்து நிமிடம் கழித்து, துணியால் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுக்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. பிஎஸ்6 டீசலில் யாரும் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது என்று அர்த்தம். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

நிறுத்துகிற அந்த ஒரு நிமிடம்

டர்போவைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரே அறிவுரை, "வந்தவுடனே ஆஃப் பண்ணாதே." பாதிப் பேர் இதைத் தேவையில்லாத இடத்தில் செய்கிறார்கள், தேவையான இடத்தில் மறந்துவிடுகிறார்கள்.

நூறு வேகத்தில் ஓடி வந்த டர்போவின் புகைப் பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும். இன்ஜினை ஆஃப் செய்தால் ஆயில் பம்பு நிற்கும். பேரிங்குக்குள் இருக்கிற சொட்டு ஆயில் நின்ற இடத்தில் நிற்கும். புகைப் பக்கத்துச் சூடு மெல்ல நடுப்பகுதிக்குப் பரவும். இரும்பு ஆறாமல் இன்னும் சூடேறுகிற நேரம் அது. அந்தச் சூட்டில் ஆயில் வெந்து, வடைச்சட்டியின் விளிம்பில் காலங்காலமாகச் சேர்கிற கறுப்புப் போல, கரியாகப் படியும். அடுத்த முறை கொஞ்சம், அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். குழாயின் துவாரம் குறுகும், ஆயில் வரத்துக் குறையும், ஒருநாள் அச்சு பேரிங்கைத் தொடும்.

இப்போது யோசியுங்கள், இது எங்கே நடக்கும்? வீட்டில் நடக்காது. விருதுநகரிலிருந்து வேகமாக வந்தாலும், ரிங் ரோட்டில் இறங்கி, சிக்னலில் நின்று, தெருவுக்குள் திரும்பி, கேட்டைத் திறந்து உள்ளே விடுகிறவரைக்கும் டர்போ லேசாகத்தான் சுற்றியிருக்கும், அதற்குள் ஆறியிருக்கும். வீட்டு வாசலில் மூன்று நிமிடம் உறுமவிட்டுக்கொண்டு நிற்பது பெட்ரோலுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான் செலவு. ஆபத்து இருக்கிற இடம் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை. நூறில் வருகிறோம், கடை தெரிகிறது, பிரேக் அடித்து ஓரங்கட்டுகிறோம், சாவியைத் திருப்புகிறோம். இருபது விநாடிக்கு முன்னால் முழு வேகத்தில் இருந்த டர்போ அது. மலையேறிப் போய் வியூ பாயின்டில் நிறுத்துவதும் இதே மாதிரிதான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற வண்டி முழுவதும் சுமையில்தான் ஏறியிருக்கும். சில டீசல் வண்டிகளின் கையேட்டிலேயே, ஊருக்குள் ஓட்டி வந்தால் காத்திருக்க வேண்டாம், நெடுஞ்சாலை வேகத்தில் வந்தால் ஒரு நிமிடம், நீண்ட மலையேற்றத்துக்குப் பிறகு இரண்டு நிமிடம் என்ற அளவில் சொல்லியிருப்பார்கள். அதைவிட நல்லது, கடை வருவதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே காலை லேசாக்கிவிடுவது. நின்று காத்திருக்கவே வேண்டாம்.

புதிய பெட்ரோல் வண்டிகளில் டர்போவின் நடுப்பகுதிக்குக் கூலன்டும் போகும். சிலவற்றில் ஆஃப் செய்தபிறகும் ஒரு சின்ன மின்பம்பு அதைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கும், முன்ஃபேனும் ஓடும். "சாவி எடுத்தும் ஃபேன் ஓடுது, பேட்டரி போயிரும்" என்று பதறி ஒயரைப் பிடுங்கச் சொல்கிறவர்கள் உண்டு. விடுங்கள், அது வேலை செய்கிறது. இந்த வசதி இருந்தாலும் நான் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்துவிடுவேன். சிக்னலில் தானாக இன்ஜினை நிறுத்துகிற வசதி இருந்தால், நெடுஞ்சாலையிலிருந்து நேராக டோல்கேட் வரிசைக்கு வருகிற நேரத்தில் மட்டும் அதை அணைத்துவையுங்கள். அதற்கென்றே பட்டன் இருக்கும்.

காலையில் இதன் மறுபாதி. ஸ்டார்ட் செய்தவுடன் ரைஸ் பண்ண வேண்டாம். ஆயில் மேலேறிவர அரை நிமிடம் கொடுத்துவிட்டு, முதல் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் போதும்.

தூசி

வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்குத் தூசியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கென்னவோ நம் பக்கத்தில் தூசிதான் பெரிய எதிரி. மேலூர்ப் பக்கம் கிரானைட் தூள், திருமங்கலம், அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல், ஆடி மாதம் ஆண்டிபட்டி தாண்டிக் காற்றாலைகள் சுழல்கிற பக்கம் போனால் சாலையே தெரியாத செம்மண் காற்று. இரண்டு லட்சம் சுற்றில் ஓடுகிற அலுமினியச் சக்கரத்தில் ஒரு மணல்துகள் மோதினால் இறக்கையின் விளிம்பு அரிபடும். அதைத் தடுக்க இருப்பது ஒரு காகித ஃபில்டர் மட்டும்தான்.

அந்த ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறப்பது பெரிய வித்தை இல்லை. பல வண்டிகளில் நாலு கிளிப், சிலவற்றில் நாலு ஸ்க்ரூ. மூடியைத் தூக்கினால் மடிப்பு மடிப்பாகக் காகிதம். காற்று நுழைகிற பக்கம் அழுக்காகத்தான் இருக்கும். மடிப்புகளை விரலால் விலக்கிப் பார்த்தால் அடியில் மண் நிற்கும். பார்க்க வேண்டியது மறுபக்கம். ஃபில்டரைத் தாண்டி டர்போவுக்குப் போகிற குழாயின் உள்வாயில் வெள்ளைத் துணியால் ஒரு துடை துடையுங்கள். துணி சுத்தமாக வந்தால் சரி. மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது கிழிந்திருக்கிறது, அல்லது அது போலி. அந்த மண் நேராக டர்போவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பஞ்சர் கடையில் காற்றுக் குழாயைக் கிட்டே வைத்து ஊதி மறுபடி மாட்டுவது நம் ஊர் வழக்கம். அந்த அழுத்தத்தில் காகிதத்தின் நுண்துளைகள் கிழியும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், மண்ணை உள்ளே விடும். தரையில் லேசாகத் தட்டுங்கள், அதுக்கும் அடங்காவிட்டால் புதிது வாங்குங்கள். அடைத்துப்போன ஃபில்டரும் ஆகாது. காற்று கிடைக்காத டர்போ அதே அழுத்தத்தைக் கொடுக்க இன்னும் வேகமாகச் சுற்றும். முன்னால் உறிஞ்சுதல் அதிகமாகி, பேரிங் பக்கத்து ஆயிலைக் காற்றுவழிக்குள் இழுக்கும். "டர்போ ஆயில் கக்குது" என்று வருகிற வண்டிகளில் சிலவற்றுக்கு மருந்து ஒரு புது ஃபில்டர்தான். சத்தம் நன்றாக வரும் என்று பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டுகிற கூம்பு ஃபில்டர்கள் எனக்குப் பிடிக்காது. தூசியையும் அதிகம் விடும், இன்ஜின் சூட்டில் வெந்த காற்றையே இழுக்கும். மதுரையில் அதை மாட்டுவதற்கு ஒரு காரணமும் கிடையாது.

கூலன்டும் போர் தண்ணீரும்

இங்கே பனி உறையப் போவதில்லை, அப்புறம் எதற்குக் கூலன்ட், தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரண அழுத்தத்தில் 107, 108 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் வண்டிக்குள் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். நேர்மையாகச் சொன்னால், இதில் பெரிய பங்கு மூடிக்குத்தான். ரப்பர் காய்ந்துபோன பழைய மூடி இருந்தால் எவ்வளவு நல்ல கூலன்டும் முன்னதாகவே கொதித்துவிடும். மூடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றலாம், விலை குறைவு.

கூலன்டின் நிஜமான வேலை உள்ளே துருவும் உப்பும் படியாமல் பார்த்துக்கொள்வது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியக் குழாய்களுக்குள் வெள்ளையாகப் படிந்து, சூடு வெளியேற விடாமல் தடுக்கும். டர்போவுக்குள் போகிற கூலன்ட் வழி இன்னும் குறுகல். கலந்தே வருகிற கூலன்ட் வாங்கிவிட்டால் பிரச்சினையில்லை. கலக்க வேண்டியதென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் எடுங்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். நிறம் வெறும் சாயம். கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு. அளவு அடிக்கடி குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, டாப் அப் பண்ணிப் பண்ணி ஓட்டக் கூடாது.

சூடு காட்டும் முள்ளை முழுசாக நம்ப முடியாது. பல கார்களில் 80 டிகிரியிலிருந்து 105 வரைக்கும் அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கினாலே வேலை மிஞ்சிக்கொண்டிருக்கிறது. உடனே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, கண்ணாடிகளை இறக்குங்கள். மே மாதத்தில் ஹீட்டர் என்றால் கொடுமைதான், ஆனால் அது இன்ஜினுக்கு இன்னொரு ரேடியேட்டர். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி ஆஃப் செய்துவிட வேண்டும். அந்த நேரத்தில் டர்போவுக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். இன்ஜின் ஹெட் அதைவிட விலை. ஆறுகிறவரை மூடியைத் திறக்கவே கூடாது.

ஓட்டுகிற விதம், சாலையில் கொள்ளு

ஐந்தாவது கியரில் 1,200 சுற்றில் ஊர்ந்துகொண்டு, அப்படியே ஆக்சிலேட்டரை அடிவரை மிதிப்பது டர்போ பெட்ரோலுக்கு ஆகாது. மேலே சொன்ன அந்த முன்கூட்டிய வெடிப்பு இப்படித்தான் வரும், சூட்டில் இன்னும் சுலபமாக வரும். கியரைக் குறைத்து மிதியுங்கள். பெட்ரோல் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. கையேட்டில் சொன்ன ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்குகிற அளவு, இருந்தால் போதும், கூட்டத்தோடு விற்கிற எந்தப் பங்க்கும் சரி. கம்ப்யூட்டரை மாற்றி எழுதிச் சக்தியைக் கூட்டுகிற வேலையை மட்டும் இங்கே செய்யாதீர்கள். அவர்கள் கூட்டித் தருவது எல்லாம் வெயிலுக்கென்று வைத்திருந்த அந்த மிச்சத்திலிருந்துதான்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக்கவலை. கரிவடிகட்டியில் சேர்கிற கரியை அவ்வப்போது 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றி எரிக்க வேண்டும். அதற்கு வண்டி தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓட வேண்டும். கோரிப்பாளையத்துக்கும் சிம்மக்கல்லுக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் அது பாதியில் நின்று நின்று போகும். எரிக்க என்று பீய்ச்சிய டீசல் ஆயிலில் இறங்கும். கேஜ் கம்பியில் அளவு ஏறுவது அதனால்தான். வாரம் ஒருமுறை மேலூர் தாண்டியோ கப்பலூர் தாண்டியோ அரைமணி நேரம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள்.

அந்த 600 டிகிரி சமாசாரத்தைக் கிராமத்துச் சாலையில் நினைவில் வையுங்கள். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் கொள்ளு, உளுந்து, சோளத்தட்டையைச் சாலையில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறிப் போனால் தானியம் உதிரும் என்று. அதன் மேல் ஏறினால் கொடி அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சரில் போய் ஒட்டும், அந்தச் சூட்டில் தீப்பிடிக்கலாம். முடிந்தால் ஓரமாக ஒதுங்கிப் போங்கள். ஏறிவிட்டால் அடுத்த வெட்டவெளியில் நிறுத்திக் குனிந்து பார்த்து, ஒரு குச்சியால் இழுத்துப் போடுங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்துவதும் கூடாது.

எப்போது மெக்கானிக்கிடம் போவது

நீல நிறப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் டர்போ இல்லை. இன்டர்கூலர் ஹோஸ் வெடித்திருக்கும் அல்லது கிளிப் தளர்ந்து காற்று ஒழுகும். வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடுவதால் இது இங்கே சகஜம், செலவும் குறைவு. அந்த ஹோஸுக்குள் லேசாக ஆயில் ஈரம் இருப்பது இயல்பு, தேங்கி நின்றால்தான் கோளாறு. ஆம்புலன்ஸ் சைரன் தூரத்தில் கேட்பது போல மிதிக்கும்போதெல்லாம் ஒரு ஊளைச் சத்தம் புதிதாக வந்தால் தள்ளிப்போடாமல் போங்கள். இறக்கை உடைந்தால் துண்டுகள் இன்ஜினுக்குள் போகும்.

"டர்போ போச்சு சார், மாத்தணும்" என்று சொன்னால், ஏன் போனது என்று கேளுங்கள். டர்போ தானாகச் சாவது அபூர்வம். ஆயில் வரவில்லை, ஆயில் அழுக்கு, இல்லாவிட்டால் ஏதோ உள்ளே போயிருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புதிதை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். பழையதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அச்சை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் இறக்கை சுவரில் தட்டுகிறதா தெரியும். புதிதை மாட்டும்போது ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்க வேண்டும், இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தங்கிய துண்டுகளையும் ஆயிலையும் கழுவியிருக்க வேண்டும், டர்போவுக்கு ஆயில் கொண்டுவருகிற அந்த மெல்லிய குழாயை மாற்றியிருக்க வேண்டும். கரி படிந்து அடைத்தது அந்தக் குழாய்தான் என்றால், சுத்தம் பண்ணிவிட்டோம் என்று சொல்வதை ஏற்காதீர்கள். பில்லில் அது தனி வரியாக இருக்கிறதா பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.